எரிவாயுக் கசிவு: மூக்கை மட்டும் நம்பலாமா?

நோயாளர் வாழும் இல்லங்களுக்கான பாடம்

சென்ற மழைக்காலத்தில், தலைக்காயத்திற்கு எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய மூதாட்டி ஒருவர், ஒரு மாலைப்பொழுதில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார், சற்றே கண்ணயர்ந்துவிட்டார். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. அடுப்பின் திருகு திறந்தே இருந்தமையால் எரிவாயு வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் கண் விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கேற்றும் நேரமாயிற்றே என்று எழுந்து தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

அந்நேரம் பணியிலிருந்து திரும்பிய அவருடைய மகளுக்கு மாடிப்படியிலேயே வாடை எட்டிவிட்டது. அழைப்பு மணியை அழுத்தப்போன கையை அவர் பின்னிழுத்துக்கொண்டார். கதவைத் தட்டி, “அம்மா, லைட்டு போடாதீங்க, எதையும் பத்த வைக்காதீங்க, கதவை மட்டும் திறங்க” என்று உரக்கச் சொன்னார். கதவைத் திறந்த தாயின் கையில் தீப்பெட்டி இருந்தது. “எனக்கு ஒரு வாடையும் தெரியலையேம்மா” என்றார் அவர்.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு அவர் வந்தபோதுதான், தலைக்காயத்தின் விளைவாக அவருடைய மணம் அறியும் திறன் முற்றிலும் போயிருந்தது தெரிந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிய நாளில் மருந்துகளைப் பற்றியும் உணவைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்த நாங்கள், மூக்கைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் பொருட்டே இப்பாடத்தை எழுதுகிறோம். எரிவாயுக் கசிவை அறிவிக்கும் முதற்கருவி மூக்கு. நோயாளர் உள்ள வீட்டில் அக்கருவி பழுதுற்றிருக்கலாம். ஆகவே அவ்வீட்டிற்கு வேறு காவல்களும் வேண்டும்.

எரிவாயுவுக்கு வாடை வந்த கதை

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை, நிறமும் இல்லை. நாம் உணரும் அழுகல் வாடை வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. கந்தகம் கலந்த எத்தில் மெர்காப்டன் போன்ற பொருள்களை மிகச் சிறிய அளவில் சேர்த்தே எரிவாயுவை விநியோகிக்கின்றனர்.

இவ்வழக்கம் உறுதிப்படுவதற்கு ஒரு பேரிழப்பு காரணமாயிற்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரிலிருந்த பள்ளியில், வகுப்பறைகளைச் சூடாக்க மணமூட்டப்படாத இயற்கை எரிவாயுவைப் பயன்படுத்திவந்தனர். கட்டடத்தின் அடியில் அது கசிந்து தேங்கியதை ஒருவரும் அறியவில்லை. 1937 மார்ச் 18 அன்று பிற்பகலில் மின்கருவி ஒன்றை இயக்கியபோது எழுந்த சிறு பொறியில் பள்ளியே வெடித்துச் சிதறியது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே எரிவாயுவுக்கு மணமூட்டுவதை டெக்சாஸ் சட்டமாக்கியது. பிற இடங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

காற்றில் எரியத்தக்க அளவை எட்டுவதற்கு வெகு முன்னரே, அதாவது அவ்வளவில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே, வாடை தெரிய வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நெறி. எனவே வாடை என்பது நமக்குக் கிடைக்கும் கால அவகாசம். அதை உணராதவருக்கு அந்த அவகாசம் இல்லை.

யாருக்கு வாடை தெரியாமற் போகலாம்?

மூக்கின் மேற்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பிழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகளின் வழியே செல்கின்றன. தலையில் பலமாக அடிபடும்போது அவை அறுபடக்கூடும். முதுமையிலும் இத்திறன் மெல்ல மெல்லக் குறைகிறது. குறைவதைப் பலர் உணர்வதே இல்லை. பார்க்கின்சன் நோய், அல்சைமர் நோய் ஆகியவற்றில் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே இது மங்கலாம். கொரோனா உள்ளிட்ட வைரஸ் தொற்றுகள், நாட்பட்ட சைனஸ் அழற்சி, மூக்கினுள் வளரும் சதை, புகைப்பழக்கம், புற்றுநோய்க்கான சில மருந்துகள், தலை கழுத்துப் பகுதிக்கான கதிர்வீச்சு ஆகியனவும் காரணமாகலாம்.

நல்ல மூக்கும் ஏமாறும். ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களில் அது பழகிவிடும். “முதலில் வாடை வந்தது, பிறகு போய்விட்டது” என்று யாரேனும் சொன்னால், கசிவு நின்றுவிட்டதாகக் கொள்ளாதீர்கள். வெளியே சென்று தூய காற்றை நன்கு சுவாசித்தபின் வாசலிலிருந்து முகர்ந்தால்தான் உண்மை தெரியும்.

வீட்டில் எளிய சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். நோயாளரைக் கண்களை மூடச் சொல்லி, காப்பித்தூள், பெருங்காயம், ஏலக்காய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டி, இன்னதென்று சொல்லக் கேளுங்கள். தைலம், கற்பூரம் ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்த வேண்டா. அவற்றின் காரம் வேறொரு நரம்பின் வழியே உணரப்படுவதால், மணம் அறியாதவரும் அறிந்ததாக நினைத்துவிடுவார். ஒன்றும் தெரியவில்லை என்று அவர் சொன்னால் அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் தெரிவியுங்கள். அன்று முதல் அவர் தனியாக இருக்கும்போது அடுப்பைப் பற்றவைக்காமலிருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இருவகை எரிவாயு, இருவகை நடத்தை

நம் வீடுகளுக்கு வரும் எரிவாயு இருவகைப்படும். சிலிண்டரில் வருவது புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட இது வெளியேறியதும் ஏறத்தாழ 250 மடங்கு விரிகிறது. இது காற்றைவிடக் கனமானது. ஆதலால் தரையோடு தரையாகப் பரவி, மேடையின் அடியிலும் பள்ளமான இடங்களிலும் கழிவுநீர்த் துளைகளிலும் தேங்கும். நகரங்கள் சிலவற்றில் குழாய்வழியே வருவது இயற்கை எரிவாயு. பெரும்பாலும் மீத்தேனாகிய இது காற்றைவிட இலேசானது. கூரையை நோக்கி எழும்.

சிலிண்டர் எரிவாயு காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடியதாகிவிடும். மீத்தேனுக்கு இவ்வளவு சுமார் 5 விழுக்காடு. ஒரு சிறிய சமையலறையின் நீளம் 3 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று கொள்வோம். 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ கசிந்து அவ்வறை முழுவதும் சீராகக் கலந்தாலே அந்த 2 விழுக்காடு வந்துவிடும். உண்மையில் அது சீராகக் கலப்பதில்லை, தரையில் படிகிறது. ஆகவே அதைவிட மிகக் குறைந்த கசிவே தரையருகில் ஆபத்தான அளவை எட்டிவிடும். பாயில் படுத்திருக்கும் நோயாளரும் தரையில் தவழும் குழந்தையும் அதன் பாதையில் முதலில் இருப்பவர்கள். தரையிலமர்ந்து ஏற்றும் விளக்கும் அங்கேதான் இருக்கிறது.

இந்த வாயுக்கள் நஞ்சு போன்றவை அல்ல. ஆயினும் அறையிலுள்ள காற்றை அப்புறப்படுத்தி, உயிர்வாயுவின் அளவைக் குறைத்துவிடும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமற்ற தூக்கக் கலக்கம் ஆகியவை தோன்றலாம். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் இவ்வறிகுறிகள் வந்து, வெளியே சென்றதும் தணிந்தால் கசிவை ஐயுற வேண்டும். எரிவாயு சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடும் இதே அறிகுறிகளைத் தரும். அதற்கு வாடை கிடையாது. குளியலறையில் எரிவாயு நீர்ச்சூடேற்றி இருந்தால் இதை மறவாதீர்கள்.

வாடை தவிர்ந்த அடையாளங்கள்

சிலிண்டரின் வாயிலோ குழாயிலோ ‘உஸ்’ என்ற மெல்லிய ஓசை கேட்கலாம். வால்வின் மீது காரணமின்றி வியர்வை போன்ற ஈரமோ உறைபனியோ படியலாம். வழக்கமாக வரும் நாள்களுக்கு முன்பே சிலிண்டர் தீர்ந்துபோகலாம். குழாய்வழி எரிவாயு உள்ள வீடாயின், எல்லா அடுப்புகளையும் மூடிவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் எதையும் பயன்படுத்தாதிருந்தும் அவ்வெண் மாறினால் எங்கோ கசிகிறது என்பது உறுதி.

கசிவை அறிவிக்கும் மின்னணுக் கருவிகளும் கிடைக்கின்றன. மணம் அறியாத ஒருவர் உள்ள வீட்டில் அதை ஆடம்பரமாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் பொருத்தும் இடம் முதன்மையானது. சிலிண்டர் எரிவாயுவுக்கு அது தரையிலிருந்து ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்க வேண்டும். இயற்கை எரிவாயுவுக்குக் கூரைக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். இடம் மாறிப் பொருத்தினால் ஆபத்து முற்றிய பிறகே அது ஒலிக்கும்.

கசிவு தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை

கீழ்க்காணும் வரிசையை வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

1. எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். எரியும் விளக்கை அணைக்கவும் வேண்டா. அணைந்த விளக்கைப் போடவும் வேண்டா. இரண்டிலும் பொறி எழும். காற்றை வெளியேற்றும் மின்விசிறிக்கும் அழைப்பு மணிக்கும் இவ்விதி பொருந்தும்.

2. வேறு அறையில் எரியும் அகல் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி இருந்தால் உடனே அமர்த்துங்கள்.

3. கைக்கு எட்டுமாயின் அடுப்பின் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். குழாய்வழி எரிவாயுவாயின் மீட்டரருகே உள்ள வால்வை மூடுங்கள். வாடை மிகுந்திருந்தால் இதற்காக உள்ளே நிற்காதீர்கள்.

4. கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். முதலில் நோயாளரையும் குழந்தைகளையும் வெளியேற்றுங்கள்.

5. வெளியே, வீட்டிலிருந்து விலகி நின்றபின் கைப்பேசியை எடுங்கள். சமையல் எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. இது 24 மணி நேரமும் இயங்குவது. தீயணைப்புத் துறைக்கு 101, மருத்துவ ஊர்திக்கு 108. குழாய்வழி எரிவாயுவுக்கு உங்கள் கட்டணச் சீட்டில் உள்ள அவசர எண்ணை அழையுங்கள்.

6. மின்சாரத்தின் முதன்மைச் சுவிட்சு வீட்டுக்கு வெளியே, வாடை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம்.

படுக்கையில் இருக்கும் நோயாளரைத் தூக்கத் துணை வேண்டுமே என்று காத்திருக்க நேரிடலாம். அவர் படுத்திருக்கும் போர்வையை அல்லது தடித்த விரிப்பைத் தலைப்பக்கமாகப் பிடித்து இழுத்தால், ஒருவரே வாசல்வரை கொண்டுவந்துவிட முடியும். இம்முறையை எங்கள் செவிலியரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாரில் ஒருவருக்கேனும் நோயாளரின் நிலை தெரிந்திருக்கட்டும்.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர்

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை; ஆனால் அது இருக்குமிடத்தில் எதுவும் மிக விரைவாகப் பற்றி மூர்க்கமாக எரியும். ஆடையிலும் போர்வையிலும் தலைமுடியிலும் அது தங்கியிருக்கும். எனவே ஆக்சிஜன் கருவியும் அதைப் பெறுபவரும் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். மூக்குக் குழாயை அணிந்தபடி சமையலறைக்குள் செல்லக் கூடாது.

கசிவின்போது கருவியின் மின்செருகியைப் பிடுங்காதீர்கள். கருவியை அப்படியே விட்டுவிட்டு நோயாளரை வெளியே கொண்டுவாருங்கள். அவர் எவ்வளவு நேரம் ஆக்சிஜன் இன்றி இருக்க இயலும், கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு உருளை வேண்டுமா என்பவற்றை இன்றே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த நிமிடத்தில் கேட்க நேரம் இராது.

சோப்பு நீர்ச் சோதனை

கசிவின் இடத்தைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எளிய வழி சோப்பு நீர். வாடை வீசாத நாளில், மாதம் ஒருமுறையும் சிலிண்டர் மாற்றும்போதெல்லாமும் இதைச் செய்யலாம். வாடை வீசும்போது செய்ய வேண்டியது வெளியேறுதல்தான், சோதனை அன்று.

கிண்ணத்தில் சிறிது நீரெடுத்துச் சோப்பைக் கரைத்து நுரை வரச் செய்யுங்கள். அடுப்பின் திருகுகளை மூடியபடி ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். தூரிகையால் அல்லது சிறு துணியால் சோப்பு நீரை நான்கு இடங்களில் தடவுங்கள்: வால்வும் ரெகுலேட்டரும் சேருமிடம், ரப்பர் குழாயின் இரு முனைகள், குழாயின் முழு நீளம், அடுப்பின் திருகுகளுக்குப் பின்புறம். குமிழிகள் தொடர்ந்து எழுந்து பெரிதாகும் இடமே கசியும் இடம். உடனே ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். தீக்குச்சியைக் காட்டிக் கசிவைத் தேடும் பழக்கம் இன்றும் சில வீடுகளில் உள்ளது. தீக்காயப் பிரிவுக்கு இட்டுச்செல்லும் வழி அதுவே.

எதை நாமே செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது?

வீட்டாரின் பணி வாயுவை நிறுத்துவதும் ஆளை அழைப்பதுமே. ரெகுலேட்டர் சரியாக அமராதிருந்தால் கழற்றி மீண்டும் பொருத்தலாம். வால்வே கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருடன் வந்த பாதுகாப்பு மூடியை அழுத்திப் பொருத்திவிட்டு, தீ எதுவும் இல்லாத திறந்த வெளியில் நிமிர்த்தி வைக்கலாம். அதற்கும் ஒருவர் உடல் வலிமையும் தெளிவும் உடையவராய் இருக்க வேண்டும். இல்லையேல் அப்படியே விட்டு வெளியேறுவதே நன்று.

வால்வின் உள்ளேயிருக்கும் சிறு ரப்பர் வளையம் பல கசிவுகளுக்குக் காரணம். அது தேய்ந்திருந்தாலோ காணாமற்போயிருந்தாலோ மாற்ற வேண்டியவர் விநியோகிப்பாளரின் பணியாளர். சிலிண்டர் கொண்டுவருபவரிடம், பெற்றுக்கொள்வதற்கு முன்பே வளையத்தையும் கசிவையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். அடுத்த பரிசோதனைக்கு உரிய காலாண்டை அவை குறிக்கும். ஏ என்றால் சனவரி முதல் மார்ச் வரை. பி, சி, டி என்பன அடுத்தடுத்த காலாண்டுகள். எண் ஆண்டைக் குறிக்கும். அக்காலம் கடந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

செம்மஞ்சள் நிற ‘சுரக்ஷா’ ரப்பர் குழாயின் ஆயுள் 5 ஆண்டுகள். குழாயின்மேல் அச்சிட்ட நாளைப் பார்த்து உரிய காலத்தில் மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன்பே வெடிப்போ எலி கடித்த தடமோ தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். குழாயின்மேல் துணியோ உறையோ சுற்றாதீர்கள். வெடிப்பு கண்ணுக்குப் படாமற்போகும்.

கசியும் இடத்தில் சோப்புக்கட்டியை அப்புதல், பசை நாடா சுற்றுதல், குறடால் முறுக்குதல், இரு குழாய்த் துண்டுகளை ஒட்டுப்போடுதல், வால்வை ஊசியால் குத்துதல் ஆகியவை பழுது நீக்கம் ஆகா. அவை வாடையைச் சற்றுநேரம் குறைத்து நம்மை உறங்க வைப்பவை. பழுது நீக்கிய பின்னும், பணியாளர் புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை சோப்பு நீர் தடவிக் காட்டச் சொல்லுங்கள். சீரமைப்பு முடிந்தது என்பதற்கு அதுவே சான்று.

தீங்கு நேர்ந்துவிட்டால்

வாயுவைச் சுவாசித்து மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். ஆடையில் தீப்பற்றினால் ஓட விடாதீர்கள். தரையில் படுக்க வைத்துத் தடித்த பருத்திப் போர்வையால் மூடி அணையுங்கள். தீப்புண்ணின்மீது 20 நிமிடம் குழாய்நீர் ஓடட்டும். வளையல், மோதிரம், இறுக்கமான ஆடை ஆகியவற்றை வீக்கம் வருமுன் அகற்றுங்கள். தோலோடு ஒட்டியவற்றை இழுக்காதீர்கள். மை, பற்பசை, மாவு, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டா. தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு வாருங்கள்.

பீறிட்ட திரவ எரிவாயு தோலில் பட்டால் கடுங்குளிரால் புண்ணாகும். அவ்விடத்தைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்றிரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள்

நம் வீட்டில் யாருக்கு வாடை தெரியாது? ரெகுலேட்டரை மூடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ரப்பர் குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டு எது? 1906 என்ற எண் எங்கே எழுதப்பட்டுள்ளது? நோயாளரை வெளியே கொண்டுவருபவர் யார். அவர் இல்லாத வேளையில் யார்?

இந்த ஐந்துக்கும் விடை இருந்தால் இப்பாடம் பயன் தந்துவிட்டது. விடை இல்லாத கேள்வியை அடுத்த வருகையின்போது எங்களிடம் கொண்டுவாருங்கள். அந்த மூதாட்டியின் வீட்டில் இப்போது சமையலறைத் தரையருகே ஒரு சிறு கருவி ஒளிர்கிறது. பகலில் அவர் தனியாக இருக்கும் நேரத்தில் ரெகுலேட்டர் மூடப்பட்டிருக்கிறது. காலையிலேயே காய்ச்சிய பால் குடுவையில் சூடாக இருக்கிறது. மாலை விளக்கை, மகள் வந்து வாசலில் ஒருமுறை முகர்ந்து பார்த்துச் சொன்ன பின்னரே அவர் ஏற்றுகிறார்.